திரும்பி வருவதற்கான ஆதாரம்

என் அக்காவின் கணவருக்கு எங்கள் அம்மா அவர் வீட்டுக்கு வருவதில் விருப்பமில்லை. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. விசா விதிகள் அவருக்காக அந்த வேலையைச் செய்தன.

பிரான்சுக்குச் சில வாரங்கள் மட்டும் போகிறவர், ஹோட்டலில் தங்காமல் உறவினர் வீட்டில் தங்குவதானால், அந்த உறவினர் தன் ஊர் நகராட்சிக்குப் போக வேண்டும். 'இன்னாரை இத்தனை நாள் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு, முத்திரை பதித்த சான்று ஒன்றை வாங்க வேண்டும். அதன் மூலப்பிரதி தபாலில் இங்கே வந்து சேர வேண்டும். நகல் செல்லாது. அம்மாவின் விசாவுக்காக நான் போட்ட பட்டியலில் பதினான்கு தாள்கள் இருந்தன. பதின்மூன்று என் கையில். ஒன்று அவர் கையில்.

அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அப்போது அவளோடு வீட்டில் இருந்தது மாமியார் மட்டும். அதன்பிறகு அவள் படுத்திருந்த பதினைந்து நாளும் அங்கே யாரும் தன்னிடம் சத்தம் போட்டுப் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றும் சொன்னாள். இந்த முறை அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் திண்டிவனம் பக்கத்தில் முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்து வந்துவிடுவார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்ற வேறுபாடு இதில் கிடையாது. ஆனால் மாமாவின் அம்மா, அதாவது அக்காவின் மாமியார், பேச்சை ஆரம்பத்திலேயே வெட்டிவிட்டார். "திண்டிவனத்துல பொறந்துட்டு அது என்னா ஆவப்போவுது? இங்கயே பொறக்கட்டும்" என்றார்.

அவர்கள் புதுச்சேரிக் குடும்பம். மாமாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் வீடு முழுக்க பிரெஞ்சுக் குடியுரிமை. நாங்கள் சென்னைக்குப் பஸ் ஏறுவதுபோல அவர்கள் பாரீசுக்கு விமானம் ஏறுவார்கள். அவர்கள் பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைத்தான் கை மாற்றி மாற்றிப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அந்தத் தவறில் என் பங்கை நான் மறைக்கவில்லை.

நான் மின்னணுவியல் படித்துவிட்டு, புதுச்சேரியில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். ஒரு பலகை வெளியே போவதற்கு முன் முப்பத்திரண்டு இடங்களைச் சோதித்து, முப்பத்திரண்டு முறை கையெழுத்திடுவது என் வேலை. விசாவும் அப்படித்தான் என்று நினைத்தேன். எல்லா இடத்திலும் சரி போட்டால் பலகை வெளியே போய்விடும்.

ஒருமுறை யாரிடமாவது காட்டிவிடலாம் என்று, விழுப்புரம் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு டிராவல்ஸ் காரரிடம் பட்டியலைக் கொண்டுபோனேன். மருத்துவக் காப்பீடு, போக வர விமானப் பதிவு, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், எல்லாவற்றையும் அவர் பேனாவால் தட்டிக்கொண்டே வந்தார். பதினொன்றாவது வரியில் பேனா நின்றது. 'திரும்பி வருவதற்கான ஆதாரம்' என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன்.

அம்மா பெயரில் வீடு உண்டா என்று கேட்டார். வீடு இன்னும் தாத்தா பெயரில், பெரியப்பாவோடு பாகம் பிரியாமல் இருந்தது. அப்பா? நான் பத்தாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். சம்பளச் சீட்டு? அம்மா வீட்டில் தையல் தைக்கிறவர். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

இல்லை என்றேன்.

"அப்ப நீதாம்மா டாக்குமெண்டு. வயசுப் பொண்ணு கல்யாணம் ஆவாம வீட்ல இருக்குது, அத்த உட்டுட்டு எந்தத் தாயும் அங்க தங்க மாட்டாங்கன்னு எழுது. ஒரு பய அசைக்க முடியாது."

அதைப் பாராட்டாகவே சொன்னார். திரும்பும் பஸ்ஸிலேயே, அம்மா கையெழுத்திட வேண்டிய அந்தக் கடிதத்தை எழுதினேன். இளைய மகளுக்கு இருபத்தேழு வயது, திருமணமாகவில்லை, தாயின் பாதுகாப்பில் இருப்பவள், தாயை விட்டு நெடுநாள் தனியாக இருக்க முடியாதவள். நல்ல ஆங்கிலத்தில், பிழையில்லாமல். அந்த வீட்டின் அரிசியும் கரண்ட் பில்லும் யார் சம்பளத்தில் வந்தன என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. இரண்டு வருடமாக உறவுக்காரர்கள் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் என்னிடம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ, அதுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கெட்டியான ஆவணம். பதினொன்றாவது வரிக்கு எதிரே 'நான்' என்று எழுதி சரி போட்டேன்.

அடுத்த சிக்கல் அக்காவின் பிறப்புச் சான்றிதழ். அம்மாவுக்கு அவள் மகள்தான் என்று காட்டும் தாள் அது. அவள் விழுப்புரத்தில் பிறந்தவள். சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, தேதி இருந்தது. குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலி. அந்தக் காலத்தில் பிறந்த பாதிப் பேருக்கு அப்படித்தான். பெயர் வைத்த பிறகு யாரும் போய்ப் பதிவதில்லை. பெயர் சேர்ப்பதற்காக நான்கு நாள் லீவு போட்டு அலைந்தேன். ஒவ்வொரு முறையும் இன்னொரு தாள் கேட்டார்கள். கவுண்டரில் இருந்தவர், பேரே இல்லாத பெண்ணை எப்படித்தான் வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்தீர்கள் என்று பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்கும்படி என்னிடம் விசாரித்தார். ஐந்தாம் முறை அம்மாவே எங்கள் பங்குச்சாமியாரிடம் போய், ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு பகுதியை எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லி வாங்கிவந்தார். அன்றைக்கே பெயர் ஏறியது.

வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போது அம்மா சொன்னார்: "நீ நாலு வாட்டி நடந்த. ஃபாதர் ஒரே பேப்பர்ல முடிச்சிட்டாரு பாரு."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அம்மா அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

மாமாவின் சான்றுக்காக ஞாயிறுதோறும் போன் செய்தேன். முதல் ஞாயிறு, நகராட்சியில் நேரம் வாங்க வேண்டும் என்றார். இரண்டாம் ஞாயிறு, கொடுத்த நேரத்தில் வேலை வந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"இத்தனை பேருக்கு இத்தனை எடம் இருக்கணும்னு ரூல் இருக்குதும்மா. எங்க அம்மா வேற இங்க இருக்காங்க. ரூல நான் போடல."

வீடு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டேன். சொன்னார். எத்தனை பேருக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற விதியை இணையத்தில் தேடி, அம்மாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மிச்சம் ஒரு அறை அளவு இடம் இருப்பதாக மின்னஞ்சல் அனுப்பினேன். அக்காவுக்கும் ஒரு நகல் போட்டேன். நான்காம் ஞாயிறு அவர் போனை எடுத்ததும், "இன்ஜினியரம்மா எங்க வீட்டையே அளந்துட்டாங்களாமே" என்றார். பின்னால் அவர் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆனாலும் அந்த வாரம் போனார். முப்பது நாளுக்கான சான்று பிப்ரவரி மாதத்தில் வந்து சேர்ந்தது.

சென்னையில் விண்ணப்பம் வாங்கும் மையத்தில் விண்ணப்பதாரரை மட்டுமே உள்ளே விடுவார்கள். பதினான்கு தாள்களுக்கும் பதினான்கு வண்ணச் சீட்டு ஒட்டிய கோப்பை அம்மாவின் கையில் கொடுத்தேன். தானாக எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். முக்கால் மணி நேரம் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். ரசீதோடு வெளியே வந்தவர், ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட் திரும்பியது. உள்ளே விசா ஸ்டிக்கர் இல்லை. அச்சடித்த ஒரு படிவம் இருந்தது. மறுப்பதற்கான காரணங்களை வரிசையாக எண் போட்டு, எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். ஒன்பதாவது கட்டத்தில் சரி போட்டிருந்தது. விசா முடிவதற்குள் நாட்டைவிட்டுத் திரும்பும் எண்ணம் உங்களுக்கு இருப்பதாக உறுதிசெய்ய முடியவில்லை. என் வேலையைப் போலவே ஒரு வேலை. யாரோ ஒருவர் என் அம்மாவைச் சோதித்து, பழுது என்று கையெழுத்திட்டிருந்தார்.

திருப்பித் தந்திருந்த மூலப்பிரதிகளை அடுக்கினேன். மொத்தம் ஒன்று அதிகமாக இருந்தது. என் சீட்டு ஒட்டாத தாள். மேலே எங்கள் பங்குக் கோயிலின் பெயர், கீழே அதே வட்ட முத்திரை.

பங்குச்சாமியார் மனமார எழுதியிருந்தார். இந்த அம்மையாரைப் பத்தாண்டுகளாக அறிவேன். எங்கள் மக்களின் வழக்கப்படி குழந்தைக்கு மூன்று மாதம் நிறையும்வரை தாயானவர் மகளோடு இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இவருடைய இளைய மகள் நல்ல வேலையில் இருப்பவர், யாருடைய துணையும் இல்லாமல் தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறமையுள்ளவர். ஆகவே வீட்டைப் பற்றிய கவலை இவருக்கு இல்லை. கருணைகூர்ந்து விசா வழங்கவும்.

நான் முப்பது நாள் என்று எழுதினேன். அவர் மூன்று மாதம் என்று எழுதினார். நான் தனியாக இருக்க முடியாதவள் என்று எழுதினேன். அவர் என்னைப் புகழ்ந்திருந்தார். இரண்டையும் ஒரே கோப்பில் படித்த எந்த அதிகாரியும் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அந்தக் கட்டத்தில்தான் சரி போட்டிருப்பேன். அதற்காக அவரை வெறுக்காமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அம்மா தையல் மெஷினில் இருந்தார். கடிதத்தை மெஷின் பலகைமேல் வைத்தேன்.

"இத யார் வெக்கச் சொன்னது?"

"கிறிஸ்தவ நாடு. ஃபாதர் கையெழுத்துக்கு அங்க மரியாதை இருக்காதா? விழுப்புரத்துல இருந்துச்சே."

"மூணு மாசம்னு எழுதியிருக்காரும்மா. உனக்குக் கொடுக்கப்போறதே முப்பது நாளு."

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. "நான்தான் எழுதச் சொன்னேன். மூணு மாசந்தான வழக்கம்."

"என்னைப் பத்தி எழுதச் சொன்னதும் நீதானா?"

மெஷின் நின்றது. "ஆமா. நீ எழுதின லெட்டர ஃபாதர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். கல்யாணம் ஆவாத பொண்ணு, தனியா இருக்க மாட்டா, பயந்துக்கினு கெடப்பான்னு. எவ அவ? அப்படி ஒருத்திய நான் வளக்கல. நீ என்னை அனுப்புறதுக்காக உன்னை ஊனமாக்கி எழுதுவ, நான் கையெழுத்துப் போட்டுக்கினு போவணுமா?"

"அது விசாவுக்கு எழுதினதும்மா."

"பேப்பர்ல எழுதினா எழுதினதுதாண்டி."

அதற்குமேல் நான் பேசியவை இங்கே எழுதத் தகுந்தவை அல்ல. அவருடைய பெருமைக்கு அக்கா விலை கொடுக்கப் போகிறாள் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பத்து நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதில் ஒரு ஞாயிறு பூசைக்கு நான் போகவில்லை. பங்குச்சாமியார் என்னைப் பற்றி விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது, அம்மா அவருக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை. ஆனால் பழைய சான்றின் தேதிகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. புதிய சான்று வேண்டும். மாமா இந்த முறை சாக்கு எதுவும் தேடவில்லை.

"ஒரு வாட்டி குடுத்தாச்சு. உங்க பேப்பர நீங்களே கெடுத்துக்கினு, திரும்ப என்னைப் போயி நிக்கச் சொன்னா எப்படி? நகராட்சி ஆபீஸ்ல என்னையே ஒரு மாதிரி பாக்குறாங்க. விடு. எங்க அம்மா பாத்துப்பாங்க."

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டேன். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு விதியை மறுபடி படித்தேன். சான்றுக்கு விண்ணப்பிப்பவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அங்கே வசிக்கும் அனுமதி அட்டை உள்ள வெளிநாட்டவரும் போகலாம். வீட்டில் தனக்கும் உரிமை உண்டு என்பதைக் காட்டினால் போதும். அக்காவுக்கு அட்டை இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று கேட்டேன். மாமா குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்துச் சொன்னாள். இருந்தது.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில், மாமா வேலைக்குப் போன பிறகு, மாமியாரிடம் மருத்துவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா நகராட்சிக்குப் போனாள். அங்கே இருந்த பெண், அவள் வயிற்றைப் பார்த்து நாற்காலி போட்டுக் கொடுத்தாளாம். வெளியே வந்து பஸ் நிறுத்தத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"வாங்கிட்டேன். அவருக்குத் தெரியாது. இப்பவே கொரியர்ல போட்டுட்டுப் போறேன்."

இரண்டாவது விண்ணப்பக் கடிதத்தில் என்னைப் பற்றிய வரி இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். பத்து நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. பதினொன்றாவது வரியிலிருந்து என்னை அடித்தேன். அந்த இடம் மறுபடி காலியானது. இரண்டு நாள் கழித்து அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். ஊரில் கன்னியர்கள் நடத்தும் பள்ளிக்குப் பத்து வருடமாக அவர்தான் சீருடை தைக்கிறார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நூற்று எண்பது செட் தைத்துக்கொடுக்க வேண்டும் என்று தலைமைச் சகோதரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். இது என் பட்டியலில் ஏன் முதலிலேயே வரவில்லை என்று யோசித்தேன். டிராவல்ஸ் காரர் சம்பளச் சீட்டு உண்டா என்று கேட்டார், நான் இல்லை என்றேன். அம்மா தைக்கிறாரே, அதை நானும் ஒரு வேலையாக எண்ணவில்லை.

இந்த முறை அம்மாவைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு பெண்மணி பேசினாராம். மகள் அங்கே, பேரப்பிள்ளை அங்கே, உங்களுக்கு வயதாகிறது, எதற்காகத் திரும்பி வருவீர்கள் என்று கேட்டாராம். அம்மா சொன்ன பதிலை அவர் வாயாலேயே கேட்டேன்.

"அந்த வீட்ல சம்பந்தியம்மா இருக்காங்க, மேடம். முப்பது நாளு எப்படித் தள்ளப்போறேன்னுதான் ரோசனையா இருக்குதுன்னு சொன்னேன்."

சீருடையைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். மறந்துவிட்டது என்றார்.

விசா கிடைத்தது. கேட்டது முப்பது நாள், கொடுத்தது இருபத்தொன்று. இறங்கும் நாளும் ஏறும் நாளும் அதற்குள் அடக்கம். ஸ்டிக்கரில் அதைவிடப் பிந்திய ஒரு தேதியும் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று அம்மாவுக்கு மூன்று முறை விளக்கினேன். அக்காவுக்கும் எழுதினேன். மாமாவுக்கு எழுதவில்லை. விமானப் பதிவை மாற்றிய பிறகுதான் அவருக்குச் செய்தி போனது.

அவர் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். வழியில் பேசவில்லை. வீட்டில் அம்மாவைச் சமையலறைக்குள் விடவில்லை. உப்பு இருக்கும் இடம்கூட உங்களுக்குத் தெரியாது, சம்பந்தி, நீங்கள் உட்காருங்கள் என்று மாமியார் உபசரித்தாராம். ஆறாம் நாள் அக்காவுக்கு வலி எடுத்தது.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் கூட ஒருவர் மட்டும்தான் வரலாம் என்று செவிலி சொன்னாள். மாமா கோட்டைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு தயாராக நின்றார். செவிலி அக்காவிடம் யார் என்று கேட்டாள். அக்கா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அம்மாவுக்குப் புரியவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது என்றார். செவிலி வந்து அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடும்போது மாமா கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாராம்.

பெண் குழந்தை. ஏழு மணி நேரம் ஆனது. அதில் ஒரு நிமிடம்கூட அக்கா தன் கையை விடவில்லை என்றார் அம்மா.

இருபத்தோராம் நாள் மாமா அம்மாவை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகவில்லை. எந்த ரயில், எந்த நிறுத்தம் என்று அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு தானே போனார். அதன்பிறகு இரண்டு வருடம் மாமா எங்களோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.